அலைக்கு முதுகு கொடுத்தவர்

அந்தமானுக்குப் போய் ஐந்து நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வாருங்கள் என்று மகள் டிக்கெட் போட்டுக் கொடுத்தபோது எனக்கு முதலில் எழுந்த கேள்வி, அங்கே இ.சி.ஜி. எடுப்பார்களா என்பதுதான். கடலும் மணலும் அப்புறம்தான். போன கார்த்திகையில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து, தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துக் கூட்டிவந்தோம். பாவூர்சத்திரம் தாண்டும்போது அவருக்குக் கண் சொருகியது. ஆலங்குளம் வருவதற்குள் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். அன்றைக்கு ஏறிய ஆம்புலன்ஸிலிருந்து நான் இன்னும் இறங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி பயமில்லை, நடக்கலாம், மாடி ஏறலாம், ஊர் போகலாம், விமானத்தில்கூடப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார். வீட்டில் கூட இருந்து பார்க்கிறவள் நான். அவர் குளிக்கப் போய்க் கொஞ்சம் தாமதமானால் கதவைத் தட்டுவேன். கடைக்குப் போனால் போன் அடிப்பேன். எடுக்காவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் நிற்பேன். இதையெல்லாம் சென்னையில் வேலை பார்க்கும் மகளிடம் யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். யாரென்று கண்டுபிடிக்க ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

“அம்மா, ரெஸ்ட் அப்பாவுக்கு இல்ல, உனக்குத்தான் வேணும்” என்றாள் அவள்.

இவருக்கோ உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை. போலீஸில் இருந்த காலம் முழுக்க லீவு கேட்டே பழக்கமில்லாதவர். ஓய்வு பெற்ற மறு வருஷமே நெஞ்சுவலி வந்து படுத்ததில் அவருக்கு ஒரு ரோஷம். தனக்கு ஒன்றும் இல்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டும். தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், அந்தமான் போறோம், கடல்ல குளிக்கப் போறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் மாத்திரைகளை மூன்றாகப் பிரித்து மூன்று பையில் வைத்தேன். ஒரு பை தொலைந்தால் இன்னொன்று இருக்க வேண்டுமே. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை மட்டும் அட்டையிலிருந்து உதிர்த்து என் கைப்பர்ஸில் தனியாக வைத்தேன்.

“ஏட்டி, அங்கன போயி மருந்துக்கடை வைக்கப் போறியா?” என்றார்.

“ஆமா. நீங்கதான் மொத கஸ்டமரு.”

தண்ணீர் விஷயத்தில் அவருக்கு இருக்கும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு தென்காசியில், குற்றாலம் போகும் சாலையில் இருக்கிறது. சீசன் வந்தால் சாரல் எங்கள் மொட்டை மாடியில் காயும் துணி வரை வரும். அவர் போலீஸில் சேர்ந்த காலத்திலிருந்து பெரும்பாலான சீசனுக்கு மெயின் அருவியில் பந்தோபஸ்து பார்த்தவர். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, வாயில் விசிலை வைத்துக்கொண்டு பாறை ஓரம் நிற்பார். யாராவது கம்பியைத் தாண்டிப் போனால் விசில் பறக்கும். யார் பேரும் தெரியாது என்பதால் கட்டியிருக்கிற துண்டைச் சொல்லித்தான் கூப்பிடுவார். “ஏலே பச்சைத் துண்டு, இங்கிட்டு வாலே!” என்று அவர் போடும் சத்தம் அருவிச் சத்தத்தையும் மீறிப் பெண்கள் பக்கம் வரைக்கும் கேட்கும்.

பெண்கள் பக்கம் என்று சொன்னேன் இல்லையா, எங்கள் ஊர் வழக்கமே அதுதான். அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து, வளர்ந்து வேலைக்கும் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தரம் சேர்ந்து குற்றாலம் போயிருக்கிறோம். ஆனால் அவர் அருவியில் குளிப்பதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவர் அந்தப் பக்கம் போவார், நான் இந்தப் பக்கம் போவேன். குளித்து முடித்தவர் மற்றவருக்காகச் சாப்பாட்டுக் கடை வாசலில் காத்து நிற்க வேண்டும். எப்போதும் நான்தான் நின்றிருக்கிறேன். தலை ஈரம் சொட்டச் சொட்ட ஆண்கள் பக்கத்துப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு, மனசுக்குள் என்னென்னமோ நினைத்துக்கொண்டு நிற்பேன். டிவியில் ‘மெயின் அருவியில் வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை’ என்று ஓடினால் ஊரே சீசன் களைகட்டிவிட்டது என்று சந்தோஷப்படும். நான் மட்டும் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பேன். தடை போட்டால் அதைக் காவல் காக்க இவர் அங்கேதானே நிற்க வேண்டும்.

அருவியில் நிற்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முகத்தைக் காட்டக் கூடாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, முதுகைக் கொடுக்க வேண்டும். பிடரியிலும் தோளிலும் தண்ணீர் மொத்து மொத்தென்று விழும். அடிவாங்குவதுதான் சுகம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே இதையும் பழக்கிவிடுவார்கள். நீச்சல் எங்களில் பலருக்குத் தெரியாது, அருவியில் நீந்துவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் தண்ணீரைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர முடியாது என்ற நினைப்பு மட்டும் எல்லோருக்கும் உண்டு. என் வீட்டுக்காரருக்குக் கூடுதலாக உண்டு.

சென்னையிலிருந்து விமானம் ஏறிப் போர்ட் பிளேரில் இறங்கினோம். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கீழே கடலைத் தவிர ஒன்றும் இல்லை. சன்னல் ஓரத்தில் உட்கார வைத்தது தப்பு. இந்த இடத்தில் இவருக்கு ஏதாவது ஆனால் எங்கே இறக்குவார்கள் என்று பார்த்தேன். இறக்குவதற்கு ஒரு பொட்டு இடமும் கண்ணில் படவில்லை. அவர் பக்கத்தில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் அங்குள்ள கடல் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். காடு அப்படியே கடல் வரை இறங்கி வந்திருக்கிறது. மரங்களின் நிழல் அலைமேலேயே விழுகிறது. குற்றாலம் மலையைக் கொண்டுவந்து கடலோரத்தில் இறக்கி வைத்தது மாதிரி இருந்ததால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏற்றி, பவளப்பாறை காட்டினார்கள். மஞ்சளும் நீலமுமாக மீன்கள் எங்கள் காலடியில் ஓடின. எல்லோரும் குனிந்து பார்த்து ஆ, ஊ என்றார்கள். நான் மட்டும் இவரைப் பார்த்தேன். தலை தொங்கியிருந்தது. அசைவே இல்லை.

எனக்கு உயிரே போய்விட்டது. தோளைப் பிடித்து உலுக்கினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் பயந்துபோய் எழுந்துவிட்டாள், படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, படகோட்டி இந்தியில் சத்தம் போட்டான்.

அவர் கண்ணைத் திறந்து, “என்னட்டி?” என்றார்.

“ஒண்ணுமில்ல. மீனு பாருங்க.”

“பாத்துட்டுத்தான இருந்தேன்.”

இவ்வளவு காசு செலவழித்து ஒரு பிள்ளை அனுப்பி வைத்திருக்கிறாள், உட்கார்ந்த இடத்திலெல்லாம் இந்த மனுஷனுக்கு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. எனக்கானால் கண்ணை மூடவே பயம். நெஞ்சில் கம்பி வைத்தவர் தூங்குகிறார், ஒன்றும் வைக்காத நான் விழித்துக்கொண்டிருக்கிறேன் என்று மகளிடம் போனில் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரிப்பதற்காக நான் சொல்லவில்லை.

அதற்கடுத்த நாள் கப்பலில் ஏறி இன்னொரு தீவுக்குப் போனோம். அது சின்னத் தீவு. கடைத்தெரு ஒன்று, சுற்றிலும் பாக்குத் தோப்பு, அங்கங்கே ஓலை வேய்ந்த குடில்கள் மாதிரி விடுதிகள். துறைமுகத்தில் ஒரு ஆட்டோக்காரர் தமிழில் பேசினார். அவருடைய தாத்தா காலத்திலேயே ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்துவிட்டார்களாம். மூன்று நாளும் அவருடைய ஆட்டோவையே பேசிக்கொண்டோம். எந்தக் கடற்கரை நன்றாக இருக்கும் என்று இவர் கேட்டார். ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன்.

“கவர்மெண்ட் ஆஸ்பத்திரி பக்கத்துலதான்க்கா. சின்னதுதான், ஆனா டாக்டர் இருப்பாங்க.”

“பெரிய ஆஸ்பத்திரின்னா?”

“அதுக்குப் போர்ட் பிளேர்தான் போகணும்.”

“ராத்திரி கப்பல் உண்டா?”

“ராத்திரி கிடையாதுக்கா. ரொம்ப அவசரம்னா ஹெலிகாப்டர் வரும்.”

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் ஹெலிகாப்டர் என்ற சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அன்று முழுக்க ஓயாமல் சுற்றியது. இவர் முன்சீட்டுக்குத் தலையை நீட்டி, “தம்பி, அவளுக்குக் கேக்குததெல்லாம் இப்படித்தான் இருக்கும். நீங்க தேங்காத்தண்ணி கெடைக்குத எடத்துல நிப்பாட்டுங்க” என்றார்.

அன்று சாயங்காலம் விடுதிக்கு எதிரில் இருந்த கடலில் இறங்கினார். மகள் வாங்கிக் கொடுத்திருந்த பூப்போட்ட அரை டவுசர் போட்டிருந்தார். வாழ்நாளில் வேட்டியும் காக்கியும் தவிர வேறு எதிலும் நான் பார்க்காத மனுஷன். வெளுத்த கெண்டைக்கால்கள் தெரிய மணலில் நடந்து போவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் அவர் முழங்கால் தண்ணீரில் நின்றார். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று ஒன்றும் இல்லாத தண்ணீர். கரையில் உட்கார்ந்து முதன்முதலாக அவர் குளிப்பதைப் பார்த்தேன். பார்த்தால் பயம் குறையும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். குறையவில்லை.

ஏனென்றால் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. குற்றாலத்தில் ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று எங்களுக்குத் தெரியும். மேலே பார்த்தால் போதும். வெள்ளையாக விழுகிற தண்ணீர் கொஞ்சம் செம்மண் நிறமாகும். சருகும் சுள்ளியும் சேர்ந்து வரும். சத்தம் கனக்கும். உடனே வெளியே வந்துவிட வேண்டும். கடலுக்கு மேல்பக்கம் எது? எல்லாப் பக்கமும் ஒரே நிறமாக, ஒரே சத்தமாக இருந்தது. அவருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு, குனிந்து, சின்ன அலைகளுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

வெளியே வந்ததும், “அலைக்கு முதுகைக் காட்டாதீங்க, எது வருதுன்னு பாத்துக்கிட்டு நில்லுங்க” என்றேன்.

“குத்தாலத்துக்காரனுக்கு வந்து தண்ணியப் பத்திச் சொல்லுதா பாரு” என்று துண்டை உதறினார்.

“அது மேல இருந்து வாற தண்ணி. இது எங்க இருந்து வருதுன்னு தெரியுமா ஒங்களுக்கு?”

“கடல்ல இருந்துதான் வருது.”

மறுநாள் காலைப் பலகாரம் முடிந்ததும் தீவின் அந்தப் பக்கத்துக் கடற்கரைக்கு ஆட்டோக்காரர் கூட்டிப்போனார். அங்கே முகப்பில் ஒரு பூங்கா, மர ஊஞ்சல்கள், இளநீர் வண்டி. அதைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டின தூரம் வரை வெள்ளை மணல். முந்தின நாள் கடல் எங்கள் ஊர்க் குளம் மாதிரி இருந்தது. இந்தக் கடல் அப்படி இல்லை. அலை தூரத்திலேயே எழும்பி, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி வந்து விழுந்தது. ஓரத்தில் ஒரு பரணில் கடல் காவலுக்கு ஒரு பையன், சிவப்பு பனியனும் கழுத்தில் விசிலுமாக உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் இவருக்குத் தன் ஆளைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. கிட்டப் போய் ஏதோ பேசினார். பாஷை இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. இவர் தன்னைச் சுட்டிக் காட்டி, “போலீஸ். வாட்டர் ஃபால்ஸ் டூட்டி” என்றார். அந்தப் பையன் கைகுலுக்கி, முழங்கால் உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டி, அதற்கு மேல் போக வேண்டாம் என்று சைகை செய்தான்.

“பாத்தீங்களா, அவனே சொல்லுதான்” என்றேன்.

“அவன் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவான். நாங்களும் அப்படித்தான சொல்லுவோம்.”

முழங்காலில் ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் தொடை. நான் மணலில் நின்றுகொண்டு கையை ஆட்டினேன். அவரும் பதிலுக்குக் கையை ஆட்டினார். அவருக்கு இடது பக்கம் வடநாட்டு வாலிபர்கள் நாலைந்து பேர் ஒருவரையொருவர் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நின்றது முழங்கால் தண்ணீரில்தான். தண்ணீர் அவருடைய இடுப்புக்கு வந்தபோது பரணில் இருந்த பையன் எழுந்து நின்று விசில் அடித்தான்.

விசில் அவருக்காகத்தான் அடித்தது. எனக்குத் தெரிந்தது, இளநீர்க்காரனுக்குத் தெரிந்தது, அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அவர் ஒருவருக்குத்தான் தெரியவில்லை. எத்தனையோ சீசன் அவர் வாயிலிருந்து போன சத்தம் அது. விசில் என்றால் அது அடுத்தவனுக்கு. தனக்கும் ஒருவன் விசில் அடிப்பான் என்று அவர் கனவிலும் நினைத்தவரில்லை. சத்தம் கேட்டதும் கரைப்பக்கம் திரும்பினார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தப்புப் பண்ணினவன் யாரென்று தேடினார். பக்கத்து வாலிபர்கள் கண்ணில் பட்டார்கள். அவ்வளவுதான்.

“ஏலே நீல டவுசர்! வெளிய போலே! விசிலு அடிக்குதான்ல, காது கேக்கல?”

அந்தப் பையன்களுக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் குரல் புரிந்திருக்க வேண்டும். மறுபேச்சில்லாமல் கரையைப் பார்த்து நடந்தார்கள். இவர் கையை வீசி அவர்களை விரட்டிக்கொண்டே நின்றார். அவருக்குப் பின்னால் கடல் எழும்பிக்கொண்டிருந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவருக்கு நான் கத்துவது கேட்கவில்லை, பின்னால் வரும் சத்தம்தான் கேட்டிருக்கிறது. அப்போது அவர் செய்த காரியம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஓடவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தார். தோளைக் குறுக்கினார். இரண்டு கையாலும் முன்னால் எதையோ பிடிக்கப் போனார். மெயின் அருவியில் கம்பி இருக்கும் உயரம் அது. அங்கே கம்பி இல்லை.

அருவி மேலிருந்து விழுந்து ஆளைப் பாறையோடு சேர்த்து அழுத்தும். காலுக்கடியில் பாறை இருக்கிற வரைக்கும் ஆள் நிற்பான். இது பின்னாலிருந்து வந்து முழங்காலை மடக்கி, காலுக்கடியில் இருந்த மணலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. பூப்போட்ட டவுசர் ஒரு தரம் மேலே வந்தது. அப்புறம் வெறும் நுரை.

நான் ஓடினேன். சேலையோடு தண்ணீரில் ஓட முடியாது என்பது ஓடினால்தான் தெரியும். இடுப்பளவு கூடப் போயிருக்க மாட்டேன், அடுத்த அலை என்னையும் உட்கார வைத்துவிட்டது. வாயெல்லாம் உப்பு. கார்த்திகையில் தப்பித்து வந்தவரை மாசியில் இங்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டேனே என்று ஒரே நினைப்பு. அதற்குள் சிவப்பு பனியன் என்னைத் தாண்டிப் பாய்ந்தது. அந்த நீல டவுசர்ப் பையனும் திரும்பி ஓடினான். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை இழுத்துக்கொண்டு வந்து மணலில் போட்டார்கள்.

உயிர் இருந்தது. இருமினார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வந்தது. முகமெல்லாம் மணல், நெற்றியில் சிராய்ப்பு. நான் பக்கத்தில் விழுந்து, “வலிக்கா? நெஞ்சு வலிக்கா? இடது கை வலிக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இல்லை என்று தலையை ஆட்டினார். இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்ததே ஒரு கோபம், அந்த ஈர முதுகில் ஓங்கி நாலு வைத்தேன். சுற்றி நின்றவர்கள் தண்ணீரை வெளியேற்ற அடிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். அடித்துக்கொண்டே அழுதேன். வழக்கமாக அவர் அந்த நேரத்தில் ஏதாவது கேலி பேசுவார். பேசவில்லை. என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

ஆட்டோக்காரர் எங்களை ஈரத்தோடேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். வழி முழுக்க இவர் என் கையை விடவில்லை. தென்காசியில் கடைத்தெருவுக்குப் போனால் எனக்குப் பத்தடி முன்னால் நடக்கிற மனுஷன்.

ஆஸ்பத்திரி சின்னதுதான். இரண்டு கட்டில், நடுவில் ஒரு பச்சைத் திரை. டாக்டர் சின்னப் பெண், தமிழ்ப் பெண். என் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். அவரைப் படுக்க வைத்து, நர்ஸிடம் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லிவிட்டு, என்னைத் திரைக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாள். யாரோ ஒரு போர்வை தந்தார்கள். மாத்திரைப் பர்ஸ் எப்படியோ இடுப்பிலேயே செருகியிருந்தது. திறந்து பார்த்தேன், எல்லாம் கரைந்து கூழாகியிருந்தது. உள்ளே மெஷினில் காகிதம் ஓடும் சத்தம் கேட்டது. அது எப்போது நிற்கும், நின்றால் என்ன சொல்வார்கள் என்று திரையையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

காகிதச் சத்தம் நின்றது. டாக்டர் பேசினாள்.

“சார், இ.சி.ஜி. நல்லா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. மாத்திரையெல்லாம் ஒழுங்கா எடுத்துக்கிறீங்களா?”

“எடுக்கேம்மா. அவ விட மாட்டா.”

“சாப்பாடு, நடை எல்லாம்?”

“எல்லாம் நடக்கு.”

“நைட் நல்லாத் தூங்குறீங்களா?”

வழக்கம்போல ஏதாவது தமாஷாகச் சொல்வார் என்று நான் வெளியே காத்திருந்தேன்.

“இல்லம்மா” என்றார். “தூக்கம் கிடையாது.”

“எத்தனை நாளா?”

“ஆஸ்பத்திரில இருந்து வந்ததுல இருந்தே.”

“வலி ஏதும் இருக்கா?”

“வலில்லாம் இல்ல. பயம். ராத்திரி கண்ண மூடுனா திரும்ப முழிப்பேனா மாட்டேனான்னு இருக்கு. பகல்ல ஆளுக இருப்பாக, என்னமும் ஆச்சுன்னா பாப்பாகன்னு உக்காந்த எடத்துல ஒரு கண்ணு அசந்துருவேன். ராத்திரின்னா முடியல.”

“வீட்ல சொன்னீங்களா?”

“அவகிட்டயா?” என்றார். கட்டிலில் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. “அவ ராத்திரி ரெண்டு மூணு தரம் எந்திச்சு என் மூக்குக்கிட்ட விரல வச்சுப் பாக்கா. நான் ஒறங்குதேன்னு நெனச்சுக்கிட்டு. நான் முழிச்சுத்தான் கெடப்பேன். அவ விரலு பக்கத்துல வந்ததும் மூச்ச நல்லா இழுத்து, அவளுக்குக் கேக்குத மாதிரி சத்தமா விடுவேன். அப்பந்தான் போயிப் படுப்பா. அவளாவது ஒறங்கட்டுமேன்னுதான்.”

நான் விரல் வைத்துப் பார்ப்பது இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். இருட்டில் சத்தம் வராமல் இருக்க வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்திருப்பேன். மூச்சு சூடாக விரலில் பட்டதும், இந்த ராத்திரி தப்பித்தோம் என்று திரும்பிப் படுப்பேன். அந்த மூச்சு எனக்காக விட்டது. தைரியசாலி, கல்நெஞ்சுக்காரர், கவலையில்லாத ஜென்மம் என்று நான் திட்டாத நாள் இல்லை. ஒரே கட்டிலில் இரண்டு பேரும் கார்த்திகையிலிருந்து விழித்துக் கிடந்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியாமல். ஸ்டூலில் உட்கார்ந்து போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டேன். உள்ளே போய் அவரைக் கட்டிக்கொள்ளலாமா, இன்னும் நாலு வைக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், உள்ளே பேசியது என் காதில் விழுந்துவிட்டது என்று புரிந்துகொண்டிருப்பாள். சாயங்காலம் வரை படுத்து ஓய்வெடுக்கட்டும், ஊருக்குப் போனதும் உங்கள் டாக்டரிடம் தூக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னாள். நெற்றிச் சிராய்ப்பில் மருந்து போட்டு அனுப்பினார்கள்.

விடுதிக்கு வந்து, உடுப்பு மாற்றி, கஞ்சி மாதிரி ஏதோ வாங்கிக் குடித்தோம். ஆட்டோவிலும் சரி, அறையிலும் சரி, கடலைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. மத்தியான வெயில் வெளியே கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் கட்டிலில் படுத்தார். நான் பக்கத்தில் படுத்தேன். மின்விசிறி மட்டும் ஓடியது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம் வந்தது. நல்ல நீளமான மூச்சு. உள்ளே இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, எனக்குக் கேட்கிற மாதிரி வெளியே விட்டது. என் கை தன் பழக்கத்தில் எழுந்தது. அதைப் பிடித்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டேன்.

“முழிச்சிருக்கீயளா?” என்று கேட்டேன்.

மூச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. கார்த்திகையிலிருந்து நான் பயந்துகொண்டிருந்தது அது நின்றுவிடுமோ என்றுதான். நின்றது, எனக்குப் பயமாக இல்லை.

“முழிச்சுத்தான் இருக்கேன்” என்றார்.